இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

ஆரல்வாய்மொழிச் சாவடியில் எங்கள் பெட்டியைச் சோதித்த திருவிதாங்கூர்ச் சேவகர், உள்ளேயிருந்து ஒரு துப்பாக்கி லைசென்ஸை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, துப்பாக்கி எங்கே என்று கேட்டார். இனிமேல்தான் வாங்கப் போகிறோம் என்றேன். "அப்படியானால் சோதிப்பதற்கு ஒன்றுமில்லையே" என்று மலையாளத்தில் வருத்தத்துடன் சொல்லி, அதை என் மருமகளின் புடவைகளின் மேல் வைத்துப் பெட்டியை மூடினார். வெறும் லைசென்ஸோடு பயணம் செய்கிறவர்களை அவர் முன்பு கண்டதில்லை போலும். நானும் என்னை அந்த நிலையில் முன்பு கண்டதில்லை.

என் மகன் குமரேசன் சென்ற ஐப்பசியில் மலைக்காய்ச்சலால் இறந்தான். பூதப்பாண்டிக்கு மேலே மலைச்சரிவில் அவன் உண்டாக்கிய தோட்டம் இருக்கிறது. வீடு ஓடையின் ஒரு கரையில். வாழையும் மரச்சீனிக் கிழங்கும் எதிர்க்கரைச் சரிவில். நடுவில் ஆழமான பள்ளம். காட்டுப்பன்றிகள் எதிரே இறங்கிக் கிழங்கைக் கிண்டுவதை வீட்டு முற்றத்தில் நின்றே பார்க்கலாம். பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறுவதற்குள் அவை தின்று முடித்துப் போய்விடும். மலையணில்கள் வாழைக்குலைகளைப் பார்த்துக்கொள்கின்றன. குமரேசனிடம் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் ரவைகள் பாதிப் பள்ளத்தைக்கூடத் தாண்டுவதில்லை.

காரியங்கள் முடிந்து பாளையங்கோட்டையில் எங்களோடு இருந்த மருமகள் வடிவு, தை மாதத்தில் ஒருநாள் என் மனைவி வழியாக எனக்குச் சொல்லி அனுப்பினாள்: தான் மலைக்குத் திரும்பப் போவதாகவும், தூரத்துக்குச் சுடும் ரைபிள் ஒன்றும் அதன்மேல் பொருத்தும் தொலைநோக்கி ஒன்றும் வேண்டுமென்றும். இந்த விளைச்சலும் பன்றிக்குப் போனால், தோட்டத்தை விட்டுவிட்டு அவள் தன் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருக்க வேண்டியதுதான். இதை அவள் சொல்லவில்லை. அவள் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

லைசென்ஸ் அவள் பெயருக்கே வந்தது. ரைபிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எறியப்பட்ட பொருளின் பாதை எத்தகைய வளைகோடு என்பதைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்; அந்த வளைகோட்டின் ஒரு முனையில் பன்றி நிற்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

நெய்யாற்றங்கரைக்கு அருகே மோட்டார் பஸ் கொதித்து நின்றது. ஓட்டுநர் ஒரு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனவர், அந்த வீட்டாரோடு தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பயணிகள் ஒருவரும் அவரை அதட்டவில்லை. எங்கள் பக்கத்தில் இந்நேரம் இரண்டு கட்சிகள் உருவாகியிருக்கும். சாலையோரக் கடையில் பாலில்லாத காப்பியும் வேகவைத்த நேந்திரம்பழமும் கிடைத்தன. வடிவு பழத்தில் பாதியை உண்டு, மீதியை இலையில் மடித்து வைத்துக்கொண்டாள். மாமனார் எதிரில் அவள் முழுதாக எதையும் உண்டு நான் கண்டதில்லை. நாற்காலியில் அமர்ந்தும் கண்டதில்லை.

திருவனந்தபுரத்தில் நாங்கள் தங்கியது வலியசாலைக்குப் பின்புறம், என் சகலர் சிதம்பரம் பிள்ளையின் வீட்டில். சர்க்கார் கச்சேரியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், நாஞ்சில் நாட்டுக்காரர், ஆனால் இந்த ஊரில் இருந்து இருந்து, அவர் பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க அவரே ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்ள வேண்டும். அவர் மனைவி நாச்சியார் என் மனைவிக்குத் தங்கை. வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"என்ன அத்தான், வருசத் தெவசம்கூடக் கழியல்ல. இந்தப் பிள்ளையத் தோக்கு வாங்கக் கூட்டிட்டு வந்திருக்கியளே. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லுகதக் கேட்டா பன்னி போயிருமா? நீ போயி வெள்ளம் கொண்டு வா" என்றார் சகலர்.

வெள்ளம் வந்தது, இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக, பதிமுகம் என்ற மரப்பட்டை இட்டுக் காய்ச்சியது. எங்கள் தாமிரபரணித் தண்ணீருக்கு நிறம் கிடையாது என்று சொல்ல நினைத்துக் குடித்துவிட்டேன். இரவில் பருத்த சிவப்பரிசிச் சோறு, அதன்மேல் பூசணி எரிசேரி. சோற்றைப் பிசைய முடியாமல் உருட்டி உருட்டி உண்டேன்.

மறுநாள் காலை பழவங்காடி வழியாகக் கடைக்குப் போனோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. தெறித்த சில் ஒன்று சகலரின் குடையில் பட்டது. "சகுனம் நல்லாருக்கு அண்ணாச்சி, குறி தப்பல்ல" என்றார்.

கடைக்காரர் பெயர் யேசடியான். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவர். ஊர் திரும்பும் தோட்டத் துரைமார்களின் துப்பாக்கிகளை வாங்கி விற்கிறவர். லைசென்ஸை வாங்கிப் படித்துவிட்டு, கதவோரம் நின்ற வடிவை ஒருமுறை பார்த்தார்.

"பெண்ணாப் பொறந்தவளுக்க பேரிலயா? செரிதான். மலையில பாதித் தோக்கு இப்பிடித்தான் சாரே. பேரு ஒருத்தருக்கு, வெடி வைக்கது வேற ஆளு. என்ன மிருகம்?"

"பன்றி. மலையணிலும் உண்டு."

"ரெண்டுக்கும் ஒரே தோக்கா?" அவர் சிரித்தார். "அணிலுக்குள்ள தோக்கு எடுத்தா, பன்னி முதுகு சொறிஞ்சு விட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போவும். பன்னிக்குள்ளது எடுத்தா, அணிலுக்க வாலு மட்டும்தான் மிஞ்சும்."

மேசைமேல் ரைபிள்களை வரிசையாகக் கிடத்தினார். அவற்றைத் துவாரத்தின் அகலத்தால் பெயரிட்டு அழைக்கிறார்கள். ஆங்கிலேயர் செய்தது அங்குலத்தின் பின்னத்தில். ஜெர்மானியர் செய்தது மில்லிமீட்டரில். இரண்டையும் மாற்றிக் கணக்கிட என்னால் முடியும் என்பதால் ஊக்கத்துடன் தொடங்கினேன். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரே அளவுள்ள இரண்டுக்கும் ஒரே தோட்டா பொருந்தாது என்றார். ஏன் என்றேன். வெடிமருந்து அறையின் வடிவம் வேறு என்றார். வேறொன்றின் பெயரில் இருந்த எண்ணும் அதன் துவாரமும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்றேன். "அது பேரு சாரே. எனக்க பேரு யேசடியான். நான் அப்பிடியா இருக்கேன்?" என்றார். கனமான குண்டு நெடுந்தூரம் வேகம் குறையாமல் போகும். ஆனால் முதலிலேயே தாழத் தொடங்கும். இலேசான குண்டு நேராகப் போகும். ஆனால் காற்று அதைத் தள்ளிவிடும். பள்ளத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்தவனிடம் இனிக் கேட்கவும் முடியாது.

தொலைநோக்கிகள் வந்தபோது சற்றே தேறினேன். "எட்டு மடங்கு காட்டுகது, நாலு மடங்கு காட்டுகது, ரெண்டும் இருக்கு" என்றார் கடைக்காரர். சகலர் உடனே, "எட்டு எடுங்க அண்ணாச்சி. நாலை விட எட்டு கூடுதல்தானே, பின்னே?" என்றார். பன்றிகள் வருவது வைகறையிலும் அந்தியிலும். முகப்புக் கண்ணாடி ஒரே அளவாக இருக்கையில் பெருக்கம் கூடக் கூடக் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை குறுகி உருவம் மங்கும். ஆகவே நான்கு மடங்கே தக்கது என்று விளக்கினேன். விளக்கம் வகுப்பு அளவுக்கு நீண்டுவிட்டது. முடித்தபோது கடைக்காரர் கொட்டாவியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டிருந்தார். நான்கு மடங்குக் குழல் வழியாகத் தெருமுனையைப் பார்த்தேன். குறுக்குக் கம்பிகளின் நடுவே யாரோ ஒருவரின் கை ஓங்கித் தேங்காயை எறிந்தது. வெண்சில்லுகள் ஓசையின்றிச் சிதறின.

"கண்ணாடி செரி. தோக்குக்கு வருவோம். வெடி வைக்கிற ஆளுக்குக் கையி எது?" என்றார் கடைக்காரர்.

"இடது" என்றேன்.

கடைக்காரர் தலையில் கை வைத்தார். "கர்த்தாவே! இதை முதல்லயே சொல்லப்பிடாதா?" பரப்பிய ரைபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினார். அவை எல்லாவற்றிலும் தாழ்ப்பாள் வலப்பக்கம் இருந்தது. இடது தோளில் வைப்பவன் ஒவ்வொரு முறையும் கையைக் குறுக்கே நீட்டித் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். அதற்குள் இலக்கு போய்விடும். இடப்பக்கத் தாழ்ப்பாள் வைத்துச் செய்வது அருமை என்றார்.

"கை நீளம்?"

"என் கை அளவுதான்." நான் கையை நீட்டினேன். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்துகொண்டார். சகலர் அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று வாய் மூடித் தெருவைப் பார்த்தார். புழுக்கம் என்று நினைத்தேன்.

ஒன்று இருக்கிறது என்றார் கடைக்காரர். துரை ஒருவர் விட்டுப்போனது. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. விசைக்கு அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் குழலின் பின்னடைப்பு இறங்கித் தோட்டாவுக்கு வழிவிடும். எந்தக் கைக்கும் பொதுவானது. குழல் நீளம், துவாரம் நடுத்தரம்; பன்றிக்குப் போதும், அணிலுக்குச் சற்று அதிகம். கிடங்கிலிருந்து எடுத்துத் தொலைநோக்கியைப் பொருத்தி, ஆறாட்டு முடிந்த மறுநாள் கடற்கரையில் சுட்டுப் பார்க்கலாம் என்றார். மிகவும் நிறைவோடு கடையை விட்டு இறங்கினேன். குழப்பத்தினிடையே ஒரு கேள்விக்காவது தயங்காமல் விடை சொல்லியிருந்தேன்.

அன்று மாலை பள்ளிவேட்டை. பங்குனித் திருவிழாவில் ஆறாட்டுக்கு முந்தைய நாள் மகாராஜா கோட்டைக்கு வெளியே வந்து வேட்டையாடுவது இங்கு வழக்கம். துக்கம் கழியாததால் நாங்கள் கோயிலுக்குள் போகக்கூடாது. தெருவில் நிற்கத் தடையில்லை என்று நாச்சியாரே தீர்ப்புச் சொன்னாள். மேற்குக் கோட்டைப் பக்கம் கூட்டத்தோடு நின்றோம். ஊர்வலம் வந்தது, ஆனால் மேளம் இல்லை, சங்கு இல்லை, பேச்சில்லை. எங்கள் ஊரில் சாமி புறப்பட்டால் காது செவிடாகும். இங்கே வாகனம் சுமப்பவர்களின் கால்கள் மண்ணில் உரசுவது கேட்டது. வேட்டை மிருகம் வெருண்டுவிடும் என்பதற்காக அந்த மௌனம் என்றார் சகலர், காதோடு. அந்த மிருகம், தழைகளுக்கு நடுவே வைத்த ஓர் இளநீர்.

மகாராஜா வில்லை எடுத்தார். இடக்கையில் வில், வலக்கை நாணை இழுத்தது. எல்லோரும் செய்வதுபோலத்தான். குமரேசன் சிறுவனாக மூங்கில் வில் வளைத்தபோது இதற்கு மாறாகப் பிடிப்பான். என் தந்தையார் அதட்டித் திருத்தப் பார்த்தும் திருந்தவில்லை என்று நினைத்தேன். அம்பு இளநீரில் தைத்தது. சங்கும் மேளமும் ஒன்றாக வெடித்தன. அந்த முழக்கத்தின் நடுவே, காலையில் கடையில் நான் யாருடைய கையைச் சொன்னேன் என்பது எனக்கு விளங்கியது.

திரும்பும் வழியில் சகலரிடம் கேட்டேன். "நான் இடது என்றா சொன்னேன்?"

"சொன்னிய அண்ணாச்சி."

"கை அளவும் கொடுத்தேன்."

"கொடுத்திய."

"நீங்கள் திருத்தியிருக்கலாமே."

"எப்பிடித் திருத்துகது?" என்றார் அவர்.

வடிவு நாச்சியாரோடு முன்னே போய்க்கொண்டிருந்தாள். அவளும் கடையில் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். என்மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டாள் என்று தோன்றியது. தன் பிழைப்பே அந்தத் துப்பாக்கியில் இருக்க, கிழவன் மனம் நோகக் கூடாதென்று வாய் திறவாமல் இருந்துவிட்டாள். அவளிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. நாச்சியார் வழியாகக் கேட்கலாம். ஆனால் இது அப்படிக் கேட்கக்கூடியது அன்று.

மறுநாள் ஆறாட்டு, சாமி கடலுக்குப் போய் நீராடும் நாள். அந்த ரைபிள் எந்தக் கைக்கும் பொதுவென்றாலும் கை அளவு தவறு; சொன்னதை மாற்றிவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினேன். தம்பானூர்ப் பக்கம் ஒரு ஜட்கா நின்றது. "ஆறாட்டன்னு குதிரைக்கும் அவுதியாணு சாமி" என்று சொல்லி வண்டிக்காரன் மீண்டும் படுத்துக்கொண்டான். நடந்தே போனேன். கடை பூட்டியிருந்தது. யேசடியான் ஏதோ உறவினர் வீட்டு மாடியில் ஊர்வலம் பார்க்கப் போயிருக்கிறாராம். எந்த வீடு என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. சாலைக் கடைத்தெருவில் வழி தவறி, மிளகு மணக்கும் சந்துகளில் சுற்றினேன். ஓரிடத்தில் நேந்திரங்காய் வறுவல் வாங்கி, எதற்கு வாங்கினேன் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நாடெங்கும் விற்கும் ரைபிள்கள் வலக்கைக்கே செய்யப்பட்டிருக்க, வலக்கைப் பெண் ஒருத்திக்காக இடக்கைக்குத் தேடியலைந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதைவிட, திருத்திச் சொல்லும்போது என்ன சொல்வது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. இடதில்லை, வலது என்றால் போதும். அந்த இரண்டு சொற்களை நாள் முழுதும் ஒத்திகை பார்த்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் யேசடியான் ஒரு வாடகைக் காரோடு வந்தார். வேளிக்கு அருகே ஆள் நடமாட்டமில்லாத மணல்மேடு ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார். கார் மணலில் புதைந்தது. சகலரும் நானும் இறங்கித் தள்ளினோம். "காலேஜ் வாத்தியார் தள்ளினா பெட்ரோல் வேண்டாம்" என்று சகலர் மூச்சிரைத்தார். யேசடியானின் ஆள் ஒருவர் மணலில் நெடுந்தொலைவு நடந்துபோய், கம்பு நட்டு, அதன்மேல் ஓர் இளநீரை, இங்கே கரிக்கு என்பதை, செருகி வைத்துவிட்டு விலகினார்.

"ராஜாவுக்கு அம்பு, நமக்கு வெடி. கரிக்குத்தான் நல்லது சாரே. பட்டா வெள்ளம் ஒழுகும், இங்கேயிருந்தே தெரியும்" என்றார் யேசடியான். "எங்கே, ஆளக் காணலியே? கூட்டிட்டு வரல்லியா?"

"இவள்தான்" என்றேன்.

அவர் வடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையா?"

"ஆம். அன்று நான் சொன்னதில் ஒரு திருத்தம்..."

நான் அந்தச் சொற்களை எடுப்பதற்குள் வடிவு தன் குடையைச் சகலரிடம் நீட்டினாள். "இதப் பிடிங்க சித்தப்பா." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மணலில் முழங்காலூன்றி அமர்ந்தாள். நெம்புகோலைத் தள்ளித் தோட்டாவை இட்டாள். துப்பாக்கியை எடுத்து இடது தோளில் வைத்தாள். வலக்கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் குண்டு இலக்குக்கு முன்னே மணலைக் கிளப்பியது. யேசடியான் தொலைநோக்கியின் மேலுள்ள திருகைச் சிறிது திருப்பினார். அடுத்தது கம்பை உரசிப் போனது. வடிவு கடற்பக்கம் கன்னத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தாள். மறுபடி சுட்டாள். இளநீர் குலுங்கியது, அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் வெயிலில் ஒரு கோடாக ஒழுகியது. மேளம் ஒன்றும் எழவில்லை. கடல் மட்டும் கேட்டது.

அவள் எழுந்து, என் முகத்தைப் பாராமல், ஆனால் என்னிடமே பேசினாள்.

"அவுக நின்ன மாதிரியே நின்னுதான் பழகினேன் மாமா. வலது தோளுல வச்சா எனக்குக் கண்ணு சேராது." சற்று நிறுத்தினாள். "அன்னைக்குக் கடையில இடதுன்னு சொன்னியள்லா. மாமாவுக்கு எப்பிடித் தெரியும்னு நெனச்சேன். பொறவு, அவுக சொல்லியிருப்பாகன்னு நெனச்சிக்கிட்டேன்."

சகலர் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். "பின்னே, பெரியவங்களுக்குத் தெரியாத்ததா?" என்று கடலைப் பார்த்துச் சொன்னார்.

"குழல்ல வட்டம் முழுசாத் தெரியுதா மக்களே?" என்று யேசடியான் வடிவிடம் கேட்டார்.

"ஓரம் கருப்பா இருக்கு."

இதற்கு எனக்கு விடை தெரியும். கண் தொலைநோக்கியிலிருந்து குறிப்பிட்ட தொலைவில் இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும். அவள் கண் பின்னால் இருக்கிறது. தோள்கட்டை அவள் கைக்கு நீளம் என்றேன். இம்முறை விளக்கம் அவ்வளவில் நின்றது. யேசடியான் அவள் கையை அளந்தார். "செரிதான். சார் காட்டின கைக்கு ரெண்டு விரக்கடை கூடுதல்."

குமரேசனின் சட்டைகள் எனக்குப் பொருந்தும். என் சட்டைகள் அவனுக்குப் பொருந்தின. அதனால்தான் அப்படிக் கையை நீட்டினேன்.

கடைக்குத் திரும்பியதும் யேசடியான் தோள்கட்டையை இடுக்கியில் மாட்டி அடியை அறுத்தார். அக்ரூட்டு மரத்தின் தூள் மேசையில் விழுந்தது. அறுந்த துண்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"எறிஞ்சிராதீங்க சாரே. இனி ஒரு காலத்தில நீளக் கையுள்ள ஆளு ஆராச்சும் இந்தத் தோக்க எடுத்தா, திருகாணி வச்சுப் பிடிப்பிச்சிரலாம்."

வடிவு கதவோரம் நின்று வெட்டிய முனையில் தோலட்டை ஒட்டுவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் தோட்டத்துக் காவற்காரர் காத்திருந்தார். எதிர்ச்சரிவில் மரச்சீனி இன்னும் பாதி மிச்சமிருக்கிறது என்றார். வடிவும் துணைக்கு எங்களோடு வந்த சகலரும் அவரோடு பூதப்பாண்டி வண்டியில் ஏறினார்கள். துப்பாக்கியை அவள் தன் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். வண்டிக்குள் இடம் போதாமல் சகலர் காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். "நீங்களும் வாங்க அண்ணாச்சி, பன்னிய எங்கிட்டத் தனியா விட்டுப் போறியளே" என்றார். மலை ஏறக் கால் இடம் கொடுக்காது என்றேன்.

ஆரல்வாய்மொழியில் அதே சேவகர் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, துப்பாக்கி எங்கே என்று கேட்டார். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது என்றேன். பெட்டியில் நேந்திரங்காய் வறுவலைத் தவிர வேறொன்றும் இல்லாதது அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். சட்டைப்பை புடைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். கைக்குட்டையைப் பிரித்து, துண்டை முகர்ந்து, புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"மரத்துண்டு."

"வேறொன்றும் இல்லையே?"

"இல்லை."

அவர் அதைக் கைக்குட்டையில் முன்போலவே சுற்றிக் கொடுத்தார். நான் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.